அவள் மூடியைத் திறந்தாள்

பெயர்ப்பலகை செய்யும் அந்தப் பட்டறையில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. அங்கிருந்த லேசர் மெஷினில் கதிர் வழி தவறிப் போனால், அதைப் பிடித்து இழுத்து வந்து ஒரே புள்ளியில் நிறுத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்படி வந்த பேர் அது.

"நம்ம பட்டறையில ரெண்டு பெரிய புள்ளி. ஒருத்தர் முதலாளி, இன்னொருத்தர் இவங்க. முதலாளி லீவு போட்டா வேலை நடக்கும். இவங்க லீவு போட்டா நாம எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்பார் பெயின்ட் அடிக்கிறவர். முதலாளியும் கூடவே சிரிப்பார்.

அவள் அங்கே சேர்ந்தது அக்ரிலிக் பலகைகளின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்கிற வேலைக்கு. நகம் தேயத் தேய உரித்துக்கொண்டே மெஷின் பக்கம் ஒரு கண் வைத்திருந்தாள். வெளியிலிருந்து வரும் மெக்கானிக் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புகிறார், எதற்காகச் சலித்துக்கொள்கிறார் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து மனசில் போட்டுக்கொண்டாள். ஒருமுறை மெக்கானிக் ஊரில் இல்லாத சமயம் மெஷின் படுத்துவிட, "நான் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டாள். முதலாளி வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் மெஷின் வெண்ணெய் மாதிரி வெட்டியது. அதற்கப்புறம் அந்த மெக்கானிக்குக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அதில் அவளுக்குப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் யாராவது "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டால், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரும் நடையே தனியாக இருக்கும். பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

அவளுடைய கணவர் பஸ் டிரைவர். அவருக்கு ஒரு தங்கை, கல்யாணமாகாதவள், இவர்களோடுதான் இருந்தாள். அந்த நாத்தனாருக்குப் பராக்கு என்று பட்டப்பேர் வைத்ததே அண்ணன்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மதில்மேல் போகிற பூனையோடு பேசிக்கொண்டிருப்பாள். செருப்பை ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவாள். ஒருமுறை அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி, முன் ஸீட்டிலேயே உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். அண்ணன் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தங்கை மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். "டிரைவரே சொந்த அண்ணனா இருந்தும் இவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியலை" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

அவளைப் பட்டறையில் சேர்த்துவிட்டது புள்ளியக்காதான். வெட்டி முடித்த எழுத்துகளை மெஷினிலிருந்து பொறுக்கி எடுத்து, கலைந்துபோகாமல் தட்டில் அடுக்குகிற வேலை. அதில் அவள் ஒருநாளும் தப்பு செய்ததில்லை. சேர்ந்த அன்றைக்கே புள்ளியக்கா அவளை மெஷின் முன்னால் நிறுத்தி ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

"இதோ பாரும்மா. உள்ள போற கதிர் கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டாத்தான் தெரியும். உள்ள ஏதாவது தப்பாப் பட்டா யோசிக்காதே, யாரையும் கூப்பிடாதே, இந்த மூடியைத் தூக்கிடு. தூக்கின உடனே கதிர் தானா நின்னுடும். அப்புறம் கையை விட்டு எது வேணும்னாலும் எடுக்கலாம்."

"மூடியைத் தூக்கினா நின்னுடும்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவள் திருப்பிச் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் மெஷின் தகராறு செய்ய ஆரம்பித்தது. மேஜையின் இடது பின் மூலையில் வெட்டினால் எழுத்து தானாகவே கழன்று விழும். வலது முன் மூலைக்கு வந்தால் பாதி ஆழம்தான் வெட்டும். எழுத்தைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. ஓரமெல்லாம் பல் பல்லாகப் போனது. ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளுக்கெல்லாம் பலகை செய்து கொடுக்கும் வேலை அப்போதுதான் வந்திருந்தது. முதலாளி வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

புள்ளியக்கா முதலில் லென்ஸைக் கழற்றித் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. மேஜை மட்டத்தைப் பார்த்தாள். கோணல் இல்லை. அப்படியானால் கதிர்தான் வழி மாறியிருக்கிறது.

அந்த மெஷினில் கதிர் பின்னாலிருக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து கிளம்பி மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும். முதல் கண்ணாடி மூலையில் அசையாமல் நிற்கும். இரண்டாவது, முன்னும் பின்னும் ஓடுகிற சட்டத்தின் ஓரத்தில் இருக்கும். மூன்றாவது, அந்தச் சட்டத்தின் மேல் இடமும் வலமும் ஓடுகிற தலையில் இருக்கும். அதிலிருந்துதான் கதிர் கீழே இறங்கி வெட்டும். கண்ணாடிக்கு முன்னால் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, ஒரு நொடிக்கும் குறைவாகக் கதிரை விட்டால், டேப்பில் பழுப்பாக ஒரு புள்ளி கருகும். கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்து ஒரு புள்ளி, எட்டத்தில் கொண்டுபோய் ஒரு புள்ளி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கதிர் நேராகப் போகிறது. விழாவிட்டால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்பிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். முதல் கண்ணாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசிக் கண்ணாடியில் கைவைத்தவன் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கிட்டப் புள்ளி நடுவில் விழுந்தது. எட்டப் புள்ளி கீழே இறங்கி ஓரத்துக்குப் போயிருந்தது. அவள் திருகைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினாள். மெஷினை ஓட்டினார்கள். சாயங்காலம் வரை வெட்டியது. மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே மூலையில் அதே தகராறு.

இரண்டாவது தடவை சரிசெய்யும்போது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூடியைத் திறந்து டேப் ஒட்ட வேண்டும், மூடிவிட்டுக் கதிரை விட வேண்டும், திறந்து பார்க்க வேண்டும். மூடியின் விளிம்பில் ஒரு காந்தமும், அதற்கு நேராக மெஷினின் உடம்பில் ஒரு சுவிட்சும் இருந்தன. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை மூடி மூடியிருப்பதாக மெஷின் நம்பும். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மெக்கானிக் என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். ஆபீஸ் அலமாரியில் தாள் ஒட்டிவைக்கும் வட்டக் காந்தத்தை எடுத்து வந்து சுவிட்சின் மேலேயே ஒட்டிவிட்டாள். இனி மூடி திறந்திருந்தாலும் கதிர் வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோரையும் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்றுதான் செய்தாள். இதற்கு முன்னாலும் செய்திருக்கிறாள். வேலை முடிந்ததும் காந்தத்தை எடுத்துவிடுவாள்.

அன்றைக்குத்தான் மூலக்காரணம் பிடிபட்டது. புள்ளி ஏன் தங்கவே மாட்டேன் என்கிறது என்று யோசித்து, கீழே குனிந்து பார்த்தாள். மெஷினின் முன்னங்கால் ஒன்று நின்ற இடத்தில் தரைக்கல் உடைந்து உள்வாங்கியிருந்தது. கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மொத்தச் சட்டமும் முறுக்கிக்கொண்டு நின்றது. இவள் கண்ணாடியை எத்தனை தடவை திருப்பினால்தான் என்ன? மெஷின் ஓடுகிற அதிர்வில் மறுபடி முறுக்கிக்கொள்ளும்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெயின்ட்காரர் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். இரும்புத் தகடு ஒன்றைக் காலுக்குக் கீழே கொடுத்து மட்டம் பார்த்தார்கள். கண்ணாடிகளை மறுபடி முதலிலிருந்து சரிசெய்தாள். நான்கு மூலைகளிலும் புள்ளி ஒரே இடத்தில், ஊசி குத்தின மாதிரி விழுந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"உடனே பள்ளிக்கூட வேலையைப் போடும்மா. சாயங்காலம் வண்டி வருது."

அவள் மூடியை இறக்கினாள். மெஷினை ஓட்டிவிட்டாள். முதல் பலகையிலேயே எழுத்துகள் பொலபொலவென்று கழன்றன. எல்லோரும் மாறி மாறிப் பாராட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு, நாத்தனாரை மெஷின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பின்கட்டில் குழாயடிப் பக்கம் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காந்தம் அவள் நினைவிலேயே இல்லை.

அலறல் கேட்டதும் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான். மூடி மேலே தூக்கியபடி நின்றது. உள்ளே தலை ஒன்றுமே நடக்காதது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி எழுத்து வெட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் தரையில் உட்கார்ந்து வலது கையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். கருகின வாடை. புள்ளியக்கா சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மெஷின் நின்றது.

"மூடியைத் திறந்தேன் அண்ணி" என்றாள் நாத்தனார். பல் கிட்டிக்கொண்டு வந்தது. "ஒரு எழுத்து எழும்பி நின்னுச்சு. தலை வந்து இடிக்கப் போகுதுன்னு மூடியைத் திறந்தேன். நிக்கல அண்ணி. நிக்கவே இல்ல."

அதற்குள் பெயின்ட்காரரும் முதலாளியும் வந்துவிட்டார்கள். முதலாளி காரை எடுத்தார். பெயின்ட்காரர் அவளைத் தாங்கிக்கொண்டு போனார். "நீயும் ஏறும்மா" என்றார் முதலாளி.

"மெஷினை அணைச்சிட்டு இதோ வர்றேன் சார்" என்றாள் புள்ளியக்கா.

அறையில் யாருமில்லை. மின்விசிறி மட்டும் புகையை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் சுவிட்சைப் பார்த்தாள். வட்டக் காந்தம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய் அதைப் பிய்த்து எடுத்து, மேலங்கிப் பைக்குள் போட்டது. 'கை தானாகப் போய்' என்றுதான் அவள் பின்னால் பலநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எடுப்பதற்கு முன்னால் வாசலைத் திரும்பிப் பார்த்தாளே, அது தானாக நடந்ததில்லை.

கதிர் புறங்கையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிற நரம்பு வெந்துவிட்டது என்றார் டாக்டர். கட்டுப் போட்டு, பிறகு தோல் வைத்துத் தைத்தார். அந்த இரண்டு விரல்களும் இனி முழுசாக மடங்காது என்றார்.

மறுநாள் முதலாளி மெஷினைச் சோதித்தார். ஓடவிட்டு மூடியைத் தூக்கினார். கதிர் நின்றது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது.

"சுவிட்ச் நல்லாத்தானே இருக்கு?" என்று புள்ளியக்காவைப் பார்த்தார். "நீதானே முதல்ல போனே. நீ போனப்பவே மூடி திறந்து இருந்துச்சா, இல்ல அப்புறம் தூக்கினதா?"

"கவனிக்கலை சார்" என்றாள் அவள். "பதட்டத்துல எதையுமே பார்க்கலை."

நீளமான பலகைகளை உள்ளே தள்ளுவதற்காக மெஷினின் முன்பக்கம் மூடிக்குக் கீழே ஒரு சந்து இருந்தது. முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இது வழியாத்தான் கையை விட்டிருக்கா. பாவம், எதையோ நினைச்சுக்கிட்டு..." என்றார். யாரும் மறுக்கவில்லை. பராக்குதானே!

வீட்டில் அண்ணன் அதைவிடக் கடுமையாகப் பேசினார். தங்கையின் கட்டுப்போட்ட கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது; அந்த எரிச்சல் வாய்வழியாக வந்தது.

"நெருப்புன்னு தெரியும்ல? மூடி இருக்குன்னு தெரியும்ல? சந்துல கையை விடுவாங்களா யாராவது?"

"நான் சந்துல விடலை அண்ணா. மூடியைத் திறந்தேன்."

"திறந்தா நிக்கும்னு மெஷினே சொல்லுது. மெஷின் பொய் சொல்லுமா?"

புள்ளியக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். சொன்னால் வேலை போகும், பேர் போகும், இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, கட்டு பிரிக்கும் வரை போகட்டும் என்று தள்ளிப்போட்டாள். கட்டு பிரித்ததும், தையல் பிரிக்கும் வரை போகட்டும் என்று நினைத்தாள்.

சொல்லாததற்கெல்லாம் சேர்த்து வேலை செய்தாள். நாத்தனாருக்குத் தலைவாரி விட்டாள். சோறு பிசைந்து ஊட்டினாள். துணி துவைத்துப் போட்டாள். மருந்து வேளைக்குத் தண்ணீரோடு போய் நின்றாள். அக்கம்பக்கத்தில், கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நாத்தனார் அவள் மடியில் சாய்ந்துகொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணி" என்றாள். புள்ளியக்கா எண்ணெய்க் கையோடு எழுந்து, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

கை ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் நாத்தனார் மாறிக்கொண்டு வந்தாள். முன்னெல்லாம் மறந்துவிட்டால் சிரிப்பாள், இப்போது பயந்தாள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்றாள். "நான் அணைச்சேனான்னு எனக்கே தெரியாதே. வீட்டைக் கொளுத்திட்டா?"

ஒருநாள் மத்தியானம் புள்ளியக்கா பார்த்தாள். அடுப்படித் தரையில் நாத்தனார் உட்கார்ந்து, அரிசி டின்னின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன் அண்ணி. அன்னிக்கு இந்தக் கையாலதான் மூடியைத் தூக்கினேன்னு முதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு. கனம்கூட ஞாபகம் இருந்துச்சு. இப்போ எல்லாரும் சந்து சந்துன்னு சொல்லிச் சொல்லி, கண்ணை மூடினா சந்துதான் தெரியுது. நான் திறந்தேனா அண்ணி, இல்லையா?"

அவள் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். புள்ளியக்கா, "அதையெல்லாம் நினைக்காதேம்மா, உடம்பைப் பாரு" என்றாள். சொன்ன வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கட்டெல்லாம் பிரித்த பிறகு முதலாளி ஒரு காலையில் எல்லோரையும் மெஷின் முன்னால் கூட்டினார். நாத்தனாரையும் வரச்சொல்லியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். இனி இப்படி நடக்கக் கூடாது, அந்தச் சந்தை ஒரு தகடு போட்டு அடைத்துவிடப் போகிறேன் என்று சொல்வதற்காகக் கூப்பிட்டார். சொல்லி முடித்ததும், யாரும் கேட்காமலே நாத்தனார் ஓரடி முன்னால் வந்தாள்.

"என் மேலதான் தப்பு" என்றாள். கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். "மூடியைத் திறக்காம சந்துல கையை விட்டுட்டேன். அப்புறம் திறந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மெஷின் மேல பழி போட்டேன். அண்ணிதான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க பேரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

பெயின்ட்காரர், "விடும்மா, விடும்மா" என்றார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புள்ளியக்கா அங்கேதான் நின்றாள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

அன்று முழுக்க அவள் வெட்டிய எதுவும் உருப்படவில்லை. அளவை மாற்றிப் போட்டாள். பலகையைத் தலைகீழாக வைத்தாள். சாயங்காலம், அதுவரை பட்டறையிலேயே காத்திருந்த நாத்தனாரும் அவளும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வந்த பஸ்ஸில் நாத்தனார் ஏறப் போனாள். புள்ளியக்கா அவளுடைய நல்ல கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த பஸ் போகட்டும்."

"ஏன் அண்ணி? காலியாத்தானே இருக்கு?"

"நீ மூடியைத் திறந்தேம்மா."

நாத்தனாருக்குப் புரியவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"நான் வந்தப்போ மூடி திறந்துதான் இருந்துச்சு. மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சுவிட்ச் மேல காந்தத்தை ஒட்டி வெச்சிருந்தேன், புள்ளி பார்க்கிறதுக்காக. எடுக்க மறந்துட்டேன். உன்னை வண்டியில ஏத்தினப்புறம் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்."

நிறுத்தத்தில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்ததுகூட அவள் கண்ணில் படவில்லை. நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் திறந்தேன்."

"திறந்தே."

"அது நின்னிருக்கணும்."

"நின்னிருக்கணும்."

நாத்தனார் சிரித்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டே அழவும் ஆரம்பித்தாள். புள்ளியக்கா தோளைத் தொடப் போனாள். அவள் நகர்ந்துகொண்டாள்.

"கை போனா போகுது. மறந்தது மறந்துட்டீங்க, நானும்தான் எவ்வளவோ மறந்திருக்கேன். ஆனா அரிசி டின்னை வெச்சுக்கிட்டு உங்ககிட்டதானே கேட்டேன், நான் திறந்தேனான்னு? என் தலையிலதான் ஏதோ கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேனே. அதைப் பார்த்துக்கிட்டே எனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ச்சிருக்கீங்க."

புள்ளியக்கா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் சொல்லு" என்றாள் நாத்தனார். வாழ்க்கையில் முதல்முறையாக 'சொல்லுங்க' என்று சொல்லவில்லை. "நான் இன்னிக்கு எங்க நின்னு சொன்னேனோ, அங்கேயே நின்னு சொல்லு. அண்ணன்கிட்ட இப்பவே சொல்லு."

அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி சொல்லி முடிக்கும்வரை பாதி கழற்றிய சட்டையோடு நின்றார். பிறகு தங்கை இருந்த அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை.

"மெஷின் பொய் சொல்லுமான்னு கேட்டேனே உன்னை" என்றார்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று விரலால் மடித்ததில் மடிப்பு நேராக வரவில்லை. அவர் உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் புள்ளியக்கா மெஷின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காந்தம் வைத்தது, மறந்தது, எடுத்தது, கேட்டபோது கவனிக்கவில்லை என்றது. எதையும் குறைக்கவில்லை. பெயின்ட்காரர் அவளைப் பார்க்காமல் தன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கேட்டார்: "மறந்ததை விடு. அது எனக்கும் நடக்கும். நேத்து அந்தப் பொண்ணு இங்க நின்னு மன்னிப்பு கேட்டாளே, அப்போ நீ எங்கம்மா இருந்தே?"

"இங்கதான் சார் இருந்தேன்."

"அதுதான் எனக்குப் புரியலை" என்றார் அவர். மெஷின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுபடியும் காகிதம் உரிக்கிற மேஜைக்குப் போனாள். மெஷின் பழுதானால் வெளியிலிருந்து மெக்கானிக் வந்தார். யாரும் அவளைக் குத்திப் பேசவில்லை. புள்ளியக்கா என்று கூப்பிடுவது மட்டும் மெதுவாக நின்றுபோய், "ஏங்க", "இந்தாங்க" என்று ஆனது. வீட்டில் கணவர் சாப்பிட்டார், படுத்தார், தேவைக்குப் பேசினார். ஒருநாள் அவராகவே, "நானும்தான் அவளை நம்பலை. உன்னை மட்டும் என்ன சொல்றது" என்றார். அது ஆறுதலா, இல்லை வேறேதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நாத்தனார் அந்த வீட்டில் இருக்கவில்லை. நகரின் மறுகோடியில், மரப்பெட்டிகளும் பொம்மைகளும் வெட்டுகிற ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கேயே பக்கத்தில் பெண்கள் விடுதியில் இடம் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே அவளுக்கு மெஷின் ஓட்டவே கற்றுக் கொடுக்கிறார்கள் என்று வந்து சொன்னார். அதைக் கேட்ட அன்று புள்ளியக்கா சாப்பிடவில்லை. சந்தோஷமா பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயம். அவள் காகிதம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாத்தனாரின் எண். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"எட்டப் புள்ளி மேல ஏறுது" என்றது குரல். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "கிட்டப் புள்ளி சரியா இருக்கு. ரெண்டாவது கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் மோசமாகுது."

"ரெண்டாவதை விடு. முதல் கண்ணாடிக்குப் போ. சட்டத்தைப் பின்னால தள்ளி ஒண்ணு எடு, முன்னால இழுத்து ஒண்ணு எடு."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டு வேலை செய்கிற சத்தம் கேட்டது. மூடி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம். ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் திறந்து மூடித்தான் செய்கிறாள். புள்ளியக்கா உரித்த காகிதத்தைக் கையில் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் இருந்தவள் என்னவென்று ஜாடையில் கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

"இங்கயே ஏறித்தான் விழுது" என்றது குரல்.

"அப்போ கீழ் திருகை அரைக்கால் சுற்று. அதுக்கு மேல போகாதே. விரல் வருதா? திருகைப் பிடிக்க முடியுதா?"

அந்தப் பக்கம் திருகு முறுகுகிற சத்தம் கேட்டது.

"இடது கையில பழகிட்டேன்" என்றாள் நாத்தனார்.

மறுபடி மூடிச் சத்தம். நீண்ட நேரம் ஆனது. இந்தப் பக்கம் முதலாளி அறையைக் கடந்து போனார். அவள் போனில் பேசுவதைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

"ஒண்ணா விழுது" என்றது குரல். பிறகு, "ஞாயித்துக்கிழமை வர்றேன். அண்ணன்கிட்ட சொல்லிடு."

"சாப்பிட வருவியா?" என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். சாப்பிட்டாள். அண்ணனோடு பேசிச் சிரித்தாள். புள்ளியக்கா பரிமாறும்போது, போதும் என்று காட்ட வலது கையைத்தான் தட்டின் மேல் நீட்டினாள். அந்த இரண்டு விரல்களும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. புள்ளியக்கா கரண்டியை நிறுத்தினாள். முன்பெல்லாம் அந்தக் கையைக் கண்டால் எங்காவது எழுந்து போய்விடுவாள். இப்போது போகவில்லை. உட்கார்ந்து பார்த்தாள்.